புகையெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

உக்காருங்கண்ணே, உக்காருங்க. பெஞ்சு கொஞ்சம் ஆடும், விழாது. நாங்கள்லாம் உக்காந்து உக்காந்து ஆட வச்ச பெஞ்சுதான். மனு குடுக்க வந்தீங்களா? கூட்டம் முடியட்டும், அதுவரைக்கும் உள்ள யாரையும் விட மாட்டாங்க. எந்த வார்டு நீங்க? நாப்பத்திரெண்டா? அட, நமக்கு எதுத்தாப்புல! கச்சேரி ரோட்டுக்குத் தெக்க நீங்க, வடக்க நாங்க. நான் நாப்பத்தொண்ணு. கவுன்சிலர் வேலுமயில். கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லையா? பரவால்ல, ஊருக்குப் புதுசா இருக்கும். பொறந்ததுல இருந்து இங்கதானா? சரி, விடுங்க.

உள்ள மாமன்றக் கூட்டம் நடக்குது, கவுன்சிலரு ஏன் வெளிய உக்காந்திருக்கான்னுதானே பாக்குறீங்க? கேளுங்க, தப்பில்ல. கவுன்சிலர் உள்ளதான் இருக்காங்க. அதாவது ரெக்கார்டுபடி. எங்க வீட்டுக்காரி, பொற்கொடி. வார்ட மகளிருக்குன்னு ஒதுக்கிட்டாங்க, நான் என்ன செய்ய முடியும்? சேலையா கட்டிக்கிட்டு நிக்க முடியும்? அவள நிப்பாட்டினேன். போஸ்டர்ல எம் படம் பெருசு, அவ படம் ஓரத்துல, தபால்தலை சைசுல. யாருக்கு ஓட்டுப் போடுறோம்னு சனத்துக்குத் தெரிய வேண்டாமா? செயிச்சதும் எல்லாரும் என்னத்தான் கவுன்சிலர்னாங்க, அவள கவுன்சிலர் சம்சாரம்னாங்க. அவ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லலைன்னா சந்தோசமா இருக்கான்னுதானே அர்த்தம்?

அந்தா, தூணுக்கிட்ட சஃபாரி சட்டையில நிக்கிறாரே, அவரு பதினேழாவது வார்டு கவுன்சிலர். சன்னல் கம்பியப் புடிச்சு எட்டிப் பாத்துக்கிட்டிருக்காரே, அவரு இருபத்தஞ்சு. அவங்க சம்சாரமும் உள்ளதான்.

முந்தியெல்லாம் இப்படி இல்லண்ணே. உள்ளயே ஒவ்வொரு அம்மாவுக்கும் பின்னால ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு எங்கள உக்கார வைப்பாங்க. டீ எங்களுக்குத்தான் மொதல்ல வரும். மேயர் ஏதாவது கேட்டா நான் எந்திரிச்சு, 'கவுன்சிலர் என்ன சொல்ல வர்றாங்கன்னா'ன்னு ஆரம்பிப்பேன். அவ என்ன சொல்ல வந்தான்னு அவளுக்கே அப்பத்தான் தெரியும். அம்புட்டு ஒத்துமையா நடந்த நிர்வாகம். இந்தப் புகைத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதோட எல்லாம் போச்சு.

உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். ஒரு நாள் கமிஷனர் கூட்டத்தக் கூட்டி, நம்ம நகரம் விடுற பசுமை இல்ல வாயுவக் கொறைக்கப் போறோம்னாரு. பசுமை இல்லம்னதும் நான் வீட்டு மனை போடுறாங்கன்னு நிமிந்து உக்காந்தேன். அதில்லையாம். அடுப்புப் புகை, வண்டிப் புகை, குப்பையில இருந்து வர்ற ஆவி, எல்லாம் மேல போயி ஊர சூடாக்குதாம். சென்னையில இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, சின்ன வயசு, கழுத்துல ஒரு அட்டை, கையில லேப்டாப்பு. அவங்க திரையில நம்ம ஊரு மேப்பப் போட்டாங்க. புகை அதிகம் விடுற வார்டெல்லாம் செகப்பு. கொஞ்சமா விடுறது மஞ்சள். நல்ல வார்டு பச்சை. நாப்பத்தொண்ணு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? வெத்தல போட்டுத் துப்புன மாதிரி அப்படி ஒரு செகப்பு.

நீங்க இருக்கிற நாப்பத்திரெண்டு மஞ்சள். உங்க கவுன்சிலர் ஜெயசீலன் இருக்கானே, மீசையத் தடவிக்கிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. ஊரு சூடாகுறது அப்பத்தான் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

ஒவ்வொரு வார்டும் புகையக் கொறைக்கணும், ஆறு மாசம் கழிச்சு மறுபடி கணக்கு எடுப்போம், மொத எடத்துல வர்ற வார்டுக்கு 'மாதிரி வார்டு'ன்னு போர்டு வைப்போம்னாங்க. அப்புறம், கரண்டுல ஓடுற மினி பஸ் வரப்போகுது, அதையும் எந்த வார்டுக்குன்னு அப்பத்தான் முடிவு பண்ணுவோம்னாங்க. பஸ்ஸுன்னதும் பொற்கொடி சேர்ல முன்னால நகந்துட்டா. எங்க பக்கத்துல முந்தி ஒரு டவுன் பஸ் வந்துக்கிட்டிருந்துச்சு, நிப்பாட்டிட்டாங்க. அதுல இருந்து பொம்பளப் பிள்ளைக எல்லாம் வாய்க்கால் கரையோரமாத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடக்குதுக. சாயங்காலம் இருட்டிரும், அங்க குடிச்சுட்டு நாலு பேரு உக்காந்திருப்பான். டைலர் பாண்டியன் மக பன்னெண்டாவதுக்குப் போகாமலே நின்னுட்டா. ஓட்டுக் கேக்கப் போனப்ப பொற்கொடி வீட்டுக்கு வீடு பஸ் பஸ்ஸுன்னுதான் சொன்னாளாம். நான் மைக்கு வச்ச வேன்ல இருந்தேன், கவனிக்கல.

அவ மெதுவா வாயத் தெறந்து, 'அந்த பஸ்ஸு'ன்னா. நான் பின்னால இருந்து அவ சேரக் காலால ஒரு தட்டுத் தட்டினேன். இரு, பெரிய விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். அப்புறம் நான் எந்திரிச்சு மேடத்துக்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்விய அந்த மன்றத்துல வேற எவனும் கேக்கலண்ணே. 'ஒரு அடுப்பு எரியுது, அந்தப் புகை யார் கணக்கு?'

மேடம் சொன்னாங்க, 'அடுப்பு எந்த வார்டுல இருக்கோ அந்த வார்டு கணக்கு சார்.'

போதும். எனக்கு அம்புட்டுத் தெரிஞ்சாப் போதும்.

மறுநாளே வேலைய ஆரம்பிச்சேன். மொதல்ல முபாரக் டீக்கடை. கச்சேரி ரோட்டுல எங்க வரிசையில இருக்கு, வெறகு அடுப்பு. முபாரக்குக்கிட்ட, 'தம்பி, கடை இங்கயே இருக்கட்டும், பெஞ்சு இங்கயே இருக்கட்டும், அடுப்ப மட்டும் ரோட்டத் தாண்டி வச்சுக்க'ன்னேன். 'அண்ணே, டீ?'ன்னான். 'கொண்டு வா'ன்னேன். பாவம், ஒரு கையில தூக்குவாளி, ஒரு கையில கிளாசு, லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல பூந்து பூந்து வருவான். டீ ஆறித்தான் வரும். ஆறுனா என்ன? உடம்புக்குச் சூடு ஆகாதுன்னு நானே வாடிக்கைக்காரங்களுக்கு எடுத்துச் சொன்னேன்.

அடுத்து இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி. அதையும் அந்தப் பக்கம் தள்ளியாச்சு. துணி இங்க வாங்குறது, தேய்க்கிறது அங்க. எம் மச்சான் குருசாமி, பொற்கொடி கூடப் பொறந்தவன், கல்யாண மண்டபம் வச்சிருக்கான். அவன் ஜெனரேட்டர் ஒண்ணே ஒரு தெரு விடுற புகைய விடும். அத உங்க பக்கம் எறக்கி, மேல வயரு கட்டி மண்டபத்துக்குக் கரண்டக் கொண்டாந்தோம். குப்பைய மட்டும் விடுவமா? எங்க குப்பைமேட்டுல எரிச்சாத்தானே எங்க கணக்கு. வண்டிக்காரங்கள வாய்க்கால் பாலத்தத் தாண்டி உங்க பக்கம் கொட்டச் சொல்லிட்டேன்.

அப்பத்தான் மேடம் இன்னொண்ணு சொன்னாங்க. மாடு ஏப்பம் விடுதுல்ல, அதுவும் கணக்காம்! எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. ஆனா அரசாங்கம் சொல்லிட்டா செய்யணும்ல? எங்க பக்கத்து மாடுகள எல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயி உங்க பக்கம் கட்டிட்டோம். பாலு இங்க, ஏப்பம் அங்க.

என்னண்ணே, மொகம் ஒரு மாதிரி போகுது? உங்க வீட்டு வாசலா? எந்த வீடு? செகப்புக் கேட்டா! அட, அந்தச் செவலை மாடு நம்ம குருசாமியோடதுண்ணே. ரொம்ப சாது, சின்னப் புள்ள போயித் தடவினாக்கூட ஒண்ணும் செய்யாது. ஜெனரேட்டரும் உங்க சன்னலுக்கு நேராத்தானா? முகூர்த்த நாளுல மட்டும்தானே ஓடுது? ஓ, மனுவே அதுக்குத்தானா. மடிச்சு சட்டைப்பையில வைங்க, நாமதான் பாத்துப் பேசிக்கிட்டிருக்கோமே, எதுக்கு மனு? தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எனக்குக் கோவமா தாபமா? மேப்பு அப்படி.

பொற்கொடி ஒரு நாள் மாடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தா. காத்து தெக்க இருந்து வடக்க அடிக்குது, அந்தப் பக்கப் புகை அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ள வருது, காயப்போட்ட துணியெல்லாம் கரி. 'ஏங்க, புகைக்கு ரோடு தெரியுமா?'ன்னு கேட்டா. 'புகைக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும்'னேன். எப்படி என் பதில்? அவ துணிய மறுபடி நனைக்கப் போயிட்டா.

இடைஞ்சல் இல்லாம இல்ல. மாசியில ஒரு கல்யாணம். ஊருல கரண்டு இல்ல, ஜெனரேட்டரப் போட்டாச்சு. தாலி கட்டுற நேரத்துல வைக்கோல் ஏத்திக்கிட்டு ஒரு லாரி வந்தது, மேல போன வயர அத்து இழுத்துக்கிட்டே போயிருச்சு. மண்டபம் இருட்டு. மாப்பிள்ளை தடவித் தடவித் தாலி கட்டுறாரு, பொண்ணோட அக்கா 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு கத்துறா. குருசாமி என்னய வையாத வசவு வஞ்சான். வையட்டும்னு விட்டுட்டேன். நல்ல காரியம் செய்றவன ஏசாம யாரு விட்டா?

ஆறு மாசம் ஆச்சு. மேடம் வந்து தெருத்தெருவா கணக்கு எடுத்தாங்க. திரையில மேப்பு வந்துச்சு. நாப்பத்தொண்ணு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? நாத்தங்கால் மாதிரி பச்சைண்ணே! கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. உங்க நாப்பத்திரெண்டு? செகப்பு எல்லாம் இல்ல, கருப்பு. அந்த வார்டுக்குன்னே மேடம் புதுசா ஒரு கலர் சேக்க வேண்டியதாப் போச்சாம். ஜெயசீலன் மீசை கீழ எறங்கிருச்சு. மாதிரி வார்டுன்னு போர்டு வச்சாங்க, மாலை, சால்வை, பத்தாயிரம் வாலா வெடி. வெடியவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுத்தான் கொளுத்தினோம். கொள்கைன்னா கொள்கைதான்.

இதோட நின்னிருந்தா நான் இன்னிக்கு இந்த பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்துல கமிஷனர் எந்திரிச்சு திட்டத்தோட ரெண்டாம் பாகத்தப் படிச்சாரு. புகை எங்க அதிகமோ அங்கதான் வேலையாம். குப்பைய உரமாக்குற நிலையம், நாப்பத்திரெண்டுக்கு. டீக்கடைகளுக்கு கரண்டு அடுப்பு, நாப்பத்திரெண்டுக்கு. தெருவெல்லாம் மரம், சோலார் விளக்கு, நாப்பத்திரெண்டுக்கு. எல்லாம் படிச்சு முடிச்சுட்டு, மினி பஸ், அதுவும் நாப்பத்திரெண்டுக்கு. எங்களுக்கு? 'நாப்பத்தொண்ணுல கொறைக்கிறதுக்குப் புகையே இல்ல, பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும்'னாரு.

ஜெயசீலன் எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுக் குலுக்கினாண்ணே. 'அண்ணே, நீங்க இல்லைன்னா எங்களுக்கு இதெல்லாம் கெடைச்சிருக்குமா'ன்னு. எல்லாருக்கும் முன்னால! எனக்கு நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு.

அந்த நேரத்துல பொற்கொடி எந்திரிச்சு நின்னா. நான் அவளுக்கு மயக்கம் கியக்கம் வருதோன்னு பயந்துட்டேன். அவ பேச ஆரம்பிச்சுட்டா. 'அந்தப் புகை அம்புட்டும் எங்களுதுங்க ஐயா. எங்க அடுப்பு, எங்க ஜெனரேட்டர், எங்க மாடு, எங்க குப்பை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கி வச்சிருக்கோம். கொறைஞ்சது ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்து சனம் எங்க புகைய முழுங்குது, எங்க பக்கத்துப் பிள்ளைக வாய்க்கால் கரையில நடக்குது. கணக்க மறுபடி எடுங்க'ன்னா.

குடும்ப விசயத்த சபையில போட்டு ஒடைக்கிறாளேன்னு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சட்டுனு எந்திரிச்சு, 'கவுன்சிலர் என்ன சொல்ல வர்றாங்கன்னா'ன்னு ஆரம்பிச்சேன்.

அவ திரும்பிக்கூடப் பாக்கல. 'கவுன்சிலர் என்ன சொல்ல வர்றாங்கன்னு கவுன்சிலரே சொல்லிக்கிருவாங்க. நீங்க உக்காருங்க'ன்னா.

அப்ப அந்தக் கமிஷனர், எங்கிட்ட எத்தன தடவ டீ வாங்கிக் குடிச்சிருப்பாரு, அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, 'சார், நீங்க எந்த வார்டு உறுப்பினர்?'னு கேட்டாரு. என்னப் பாத்துக் கேக்குற கேள்வியாண்ணே இது? இருபது வருசமா கட்சியில கொடி புடிச்சவன், கொட்டுற மழையில மேடை போட்டவன் நான். மொதல்ல ஒரு பொம்பளை கையத் தட்டினா, உடனே அத்தன பொம்பளைகளும் தட்டிட்டாங்க. அன்னிக்கே தீர்மானம். உறுப்பினர் தவிர யாரும் உள்ள வரக் கூடாது. பிளாஸ்டிக் சேர எல்லாம் தூக்கி வெளிய போட்டாங்க. அந்தா மூலையில அடுக்கி வச்சிருக்கு பாருங்க, அதுல மூணாவது என்னுது.

அதுக்கப்புறம் வீட்டுலயும் மாறிட்டாண்ணே. காலையில கிளம்பிருவா. பாண்டியன் வீட்டுல, முபாரக் கடையில, குப்பைமேட்டுலன்னு எங்கயாவது நின்னு பேசிக்கிட்டிருப்பா. உங்க ஜெயசீலன்கிட்டயும் பேசுறா. எதிர்க்கட்சி! என்னத்தப் பேசுறேன்னு கேட்டா, 'பஸ்ஸப் பத்தி'ங்கிறா. போன வாரம் ஒருத்தன் வாசல்ல வந்து, 'கவுன்சிலர் இருக்காங்களா?'ன்னான். 'சொல்லுப்பா'ன்னேன். 'இல்ல சார், கவுன்சிலர்'ங்கிறான். சாருங்கிறாண்ணே என்னய. சாரு! இந்த வலிய யாருக்கிட்டச் சொல்றது? அதான் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

மறு கணக்கு எடுத்தாச்சு. இன்னிக்கு உள்ள அதுதான் ஓடுது. பஸ் எங்க பக்கமா உங்க பக்கமான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரும். நான் ஒண்ணும் இதோட ஓஞ்சு போற ஆளில்ல. ஒரு யோசனை வச்சிருக்கேன், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். உங்க நாப்பத்திரெண்டு இருக்கே, அது பொது வார்டு. ஆம்பளை நிக்கலாம். அடுத்த தடவ நானே அங்க நிக்கப் போறேன். சேர் எனக்கே எனக்கு, முன் வரிசையில. ஏன் இப்படிப் பாக்குறீங்க? எங்க பக்கத்து ஆளுன்னு யோசிக்கிறீங்களா? அடுப்பு வந்திருக்கு, மாடு வந்திருக்கு, ஜெனரேட்டர் வந்திருக்கு. பாதி வார்டு ஏற்கெனவே நம்ம சாமான்தானே! பொற்கொடிகிட்ட இன்னும் சொல்லல. இன்னிக்குச் சொல்லிரலாம்னுதான் காலையில இருந்து இங்கயே காத்துக்கிட்டிருக்கேன்.

இருங்க, கதவு தெறக்குது. முடிஞ்சிருச்சு போல. இந்தா வந்துட்டாங்க. எந்திரிங்கண்ணே, இவங்கதான். ஏம்மா, பொற்கொடி, என்ன ஆச்சு? பஸ் வந்துருச்சா? நடு ரோட்டுலயா? கச்சேரி ரோட்டுலயே ஓடுதா, ரெண்டு வார்டுக்கும் பொதுவா? வாய்க்கால் பாலத்துல இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும்? அட! நான் அப்பவே நெனச்சேன். சரி, சரி, நெனைக்கல. பதிலுக்கு என்ன கேட்டாங்க? அடுப்பு, இஸ்திரி வண்டி, ஜெனரேட்டர், மாடு, எல்லாம் நாளைக்கே நம்ம பக்கம் திரும்பி வரணுமா? குப்பையுமா? அம்புட்டையும் வச்சுக்கிட்டு நெசமாவே கொறைக்கப் போறீகளா? அது எப்படிக் கொறையும்? சரி, அப்புறம் பேசுவோம். இந்த அண்ணன் நாப்பத்திரெண்டு, செகப்புக் கேட்டு வீடு. மனு வச்சிருக்காரு. குடுங்கண்ணே. வாங்கிக்கிறாங்க பாருங்க, நின்னு படிக்கிறாங்க. மாட்ட இன்னிக்குச் சாயங்காலமே அவுத்துருவாங்களாம், போதுமா?

பொற்கொடி, ஒரு நிமிசம். நான் ஒண்ணு முடிவு பண்ணிருக்கேன். அடுத்த தேர்தல்ல நாப்பத்திரெண்டுல நிக்கலாம்னு. நீ என்ன சொல்ற?

கேட்டீங்களாண்ணே? உங்க முன்னாலதானே சொன்னாங்க? அந்தப் பக்கம் போனதுல மத்த எல்லாம் திரும்பி வரட்டும், நான் ஒரு ஆளு மட்டும் அங்கயே போயி இருந்துக்கணுமாம். எங்க வார்டு தானா பச்சையாயிருமாம். படியெறங்கிப் போறப்பக்கூட சிரிச்சுக்கிட்டே போறாங்க பாருங்க. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதாண்ணே, எம் மேல எம்புட்டு நம்பிக்கை! சரி, உங்க வீட்டுல எத்தன ஓட்டு?